கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா? முதலில் அந்த பவர் சரியா என்று பாருங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஒன்பது வயது மகளுக்குப் போன வருடம் மைனஸ் 1.25, இந்த வருடம் மைனஸ் 2.25. எப்போதும் போட்டால் கண் கண்ணாடிக்குப் பழகி பவர் ஏறிக்கொண்டே போகும், பவரைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள் என்கிறாராம் கடைக்காரர். அதே கடையில் 18,000 ரூபாய்க்கு ஒரு லென்ஸ், போட்டால் பவர் இறங்கிவிடும் என்றும் சொன்னார்களாம். வாங்கலாமா, ஐந்து வயதுத் தம்பிக்கும் இந்தக் கிட்டப்பார்வை வருமா என்று கேட்கிறார்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அந்த 2.25-ஐ எப்படி அளந்தார்கள்? 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' என்று எழுதியிருக்கிறீர்கள், கண்ணில் சொட்டு மருந்து விட்டதாக எழுதவில்லை. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் தசை பிள்ளைகளுக்கு நல்ல வலுவாக இருக்கும். அந்த மெஷினுக்குள் எட்டிப் பார்க்கும்போது அது தானாக இறுகும், இறுகினால் இல்லாத மைனஸ் வரும், இருக்கிற மைனஸ் கூடும். அதைத் தளர்த்தத்தான் சொட்டு மருந்து. விட்டுவிட்டு முக்கால் மணி நேரமாவது உட்கார வேண்டும், கண் கூசும், அன்றைக்கு வீட்டுப்பாடம் எழுத முடியாது. அந்த முக்கால் மணி நேரத்தைக் கொடுக்கக் கடையில் யாரும் இல்லை, கூட்டம் நெரியும் மருத்துவமனைகளிலும் பல நேரம் இல்லை. டோக்கனைத் தள்ளுவதுதான் அங்கே வேலையாகிவிட்டது.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மைனஸ் 1.75 கண்ணாடியோடும் தினசரித் தலைவலியோடும் வந்தான். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் கண்ணுக்குள் விளக்கடித்து ஒவ்வொரு லென்ஸாக வைத்துப் பார்த்தால் மைனஸ் 0.50 தான். தேவைக்கு மூன்று மடங்குக்கு மேல் ஒரு வருடமாகச் சுமந்திருக்கிறான்.

அதனால் சொட்டு மருந்து போட்டு பவர் பாருங்கள், அப்படியே கண்ணின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழி முன்பின்னாக நீண்டுபோவதுதான். பெரியவர்களுக்கு அந்த நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை பவர் ஏறும். கண்புரை ஆபரேஷன் செய்யும் இடங்களில் இந்த அளவெடுக்கும் கருவி இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

சரி, கண்ணாடி போட்டால் ஏறுமா? ஏறாது. வருடா வருடம் மகளுக்குச் செருப்பு சைஸும்தான் ஏறுகிறது, செருப்பு போட்டதால் கால் வளர்ந்தது என்று சொல்வோமா? வளர்கிற வயதில் கண் நீள்கிறது, அவ்வளவுதான். குறைத்துப் போடுவது உதவாது என்பது மட்டுமல்ல, மலேசியாவில் செய்து 2002-ல் வெளியான ஆய்வில் வேண்டுமென்றே குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் அதிகமாக ஏறியது. முழு பவர் போடுங்கள், நாள் முழுக்கப் போடட்டும்.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடமாட்டேன். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாளா? சீட்டில் 'சிலிண்டர்' என்ற எண் ஒவ்வொரு முறையும் ஏறுகிறதா? புதுக் கண்ணாடி போட்டும் போர்டு தெளிவாகத் தெரியவில்லையா, அதிலும் ஒரு கண்ணில் மட்டும்? அப்படியென்றால் அது சாதாரணக் கிட்டப்பார்வையாக இல்லாமல் கெரட்டோகோனஸ் ஆக இருக்கலாம், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்குவது. ஒன்பது வயதில் அபூர்வம், பதின்வயதில்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனால் கடையில் வருடத்துக்கு இரண்டு கண்ணாடி மாற்றிக்கொடுத்தே நாலு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள், என்னிடம் வரும்போது ஒரு கண் போயே போய்விடுகிறது. கருவிழியின் வடிவத்தை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் வந்தால் மேலும் பிதுங்காமல் நிறுத்தச் சிகிச்சை இருக்கிறது. கசக்குகிற பிள்ளைக்கு முதலில் அரிப்பைக் கவனியுங்கள்.

இனி அந்த லென்ஸ். பவரை அது இறக்காது, எந்த லென்ஸும் இறக்காது. நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. ஏறும் வேகத்தைத்தான் குறைக்கும். ஹாங்காங்கில் இரண்டு வருடம் நடந்த ஆய்வில் ஏற்றத்தைக் குறைக்கும் இந்தப் புள்ளி வைத்த லென்ஸ் போட்டவர்களுக்குச் சாதாரண லென்ஸ் போட்டவர்களைவிடப் பாதி அளவே ஏறியது. நல்ல பலன், மறுக்கவில்லை. உண்மையான ஏற்றம் வருடத்துக்கு 1.00 என்று உறுதியானால் வாங்குவது வீண் செலவில்லை. ஆனால் அந்த லென்ஸ்தான் என்று சொல்லி நீல ஒளியைத் தடுக்கும் சாதா லென்ஸைத் தலையில் கட்டுகிறார்கள், அதற்கும் பவர் ஏறுவதற்கும் சம்பந்தமே இல்லை. லென்ஸை டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்து உற்றுப் பாருங்கள், நடுவில் தெளிவான வட்டமும் சுற்றிலும் பொடிப்பொடியான புள்ளிகளும் தெரிய வேண்டும். கம்பெனி பெயரோடு பில் கேளுங்கள். ஃபிரேம் மூக்கில் சரிந்தால் வாங்கியும் பயனில்லை.

பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கப் போடும் அட்ரோபின் சொட்டு மருந்து பற்றியும் யாராவது சொல்வார்கள். ஹாங்காங்கில் நடந்த இன்னொரு ஆய்வில் 0.05 சதவீதம் நன்றாக வேலை செய்தது, 0.01 சுமார்தான். அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஆய்வில் 0.01-க்கும் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே இல்லை. டாக்டர் எழுதினால் போடலாம், திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் 1 சதவீதப் பாட்டிலும் அட்ரோபின் என்றுதான் இருக்கும், அது இதைவிடப் பல மடங்கு வீரியம். லேபிளில் புள்ளி எங்கே இருக்கிறது என்று நீங்களே படித்த பிறகு வாங்குங்கள்.

கண் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். பொன்னாங்கண்ணி கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், உடம்புக்கு நல்லது, பவரை ஒன்றும் செய்யாது.

தம்பிக்குத்தான் இன்னும் நேரம் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு. தைவான் 2010-லிருந்து தினமும் இரண்டு மணி நேரம் வெளியே என்று பள்ளிகளுக்கே சொல்லிவிட்டது. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது, அது கண் நீள்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறோம். உச்சி வெயில் வேண்டாம், மரத்தடி நிழலிலேயே வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம். நம் ஊரில் என்ன நடக்கிறது? இருக்கிற பி.டி. பீரியடையும் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்கிறார், யாரும் கேட்பதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள், மார்க் பேச்சு அப்புறம்.

மகளை அழைத்துப் போகும் நாளிலேயே தம்பிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்த்துவிடுங்கள். ஐந்து வயதில் கொஞ்சம் பிளஸ் இருப்பதுதான் இயல்பு. அது இப்போதே பூஜ்யத்துக்கு வந்திருந்தால் அடுத்து மைனஸ் வர வாய்ப்பு அதிகம், அவனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சனிக்கிழமையாகப் போங்கள், இரண்டு பேருக்கும் தொப்பி, மகளின் பழைய சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.