நாலு பக்கக் கடிதத்தில் ஒன்றரை வரி

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். வயது 43. அப்பாவுக்கு 66. பெருங்குடலில் புற்றுநோய் என்று ஐந்து வாரத்துக்கு முன்பு ஆபரேஷன் நடந்தது. நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருக்கிறது, மூன்றாம் நிலை, ஆறு மாதம் கீமோ போட வேண்டும் என்கிறார்கள். என் அண்ணன் மிளகு வியாபாரம் செய்கிறார். ஏற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் முள்ளு சீத்தா இலையும் நித்தியகல்யாணியும் கொண்டுவருகிறார். மஞ்சளும் மிளகும் சேர்த்துக் கஷாயமாக மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்போம், அப்புறம் கீமோவைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார். அப்பா ரத்தப்போக்கை மூலம் என்று நினைத்து இரண்டு வருஷம் துத்தி இலை சாப்பிட்டு வந்தவர். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே சூட்டு உடம்பு. (எனக்கும் பொங்கல் சமயத்தில் ரத்தம் பட்டது. துத்தி இலை வதக்கிச் சாப்பிட்டேன், நின்றுவிட்டது.) எந்த மூலிகையை எந்த அளவில் கொடுக்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் அப்பாவின் சாப்பாடு, தூக்கம், மலம், எடை எல்லாம் வரிவரியாக இருக்கிறது. உங்களைப் பற்றி எழுதியது ஒன்றரை வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். நான் அந்த ஒன்றரை வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவுக்கு எந்த மூலிகை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் சொல்கிறேன். முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள்: பொங்கலுக்கு ரத்தம் பார்த்தவர், அப்பாவுக்கு என்ன நோய் என்று தெரிந்த பிறகும் ஏன் ஒரு டாக்டரிடம் வாய் திறக்கவில்லை?

துத்தி இலையில் நின்றுவிட்டது என்கிறீர்கள். குடலில் கட்டியோ மொட்டோ (உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை, பாலிப் என்பார்கள்) இருந்தால் ரத்தம் நாள் தவறாமல் வராது. நாலு நாள் வரும், ஒரு மாதம் காணாமல் போகும், திரும்ப வரும். அது தானாக நிற்கிற சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்கே பெயர் போகும். உங்கள் அப்பாவுக்கு இரண்டு வருஷம் நடந்தது இதேதானே? ஒவ்வொரு தடவை நின்றபோதும் துத்தி கேட்டது என்றுதான் நினைத்திருப்பார். துத்தியின் மேல் எனக்குக் கோபமில்லை. மூலத்துக்குச் சித்த வைத்தியம் காலங்காலமாகச் சொல்லும் இலை அது. ஆனால் மூலம் என்று முடிவு செய்தது யார்? அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் முறையாகப் படித்த மருத்துவரிடம் போயிருந்தால்கூட, பரிசோதித்துப் பார்க்காமல் இரண்டு வருஷம் விட்டிருக்க மாட்டார்.

சூட்டு உடம்பு என்ற பேச்சை உங்கள் வீட்டில் இன்றோடு நிறுத்துங்கள். பெற்றவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பிள்ளைகள் 40 வயதிலேயே கொலோனோஸ்கோபி என்ற குடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அல்லது பெற்றவருக்கு நோய் தெரிந்த வயதில் பத்தைக் கழித்து, எது முந்தியோ அப்போது. உங்களுக்கு 43. ரத்தம் பார்த்தவருக்கு இந்த வயதுக் கணக்கே தேவையில்லை, உடனே பார்க்க வேண்டும். உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. மூலமாகவே இருக்கலாம். இருந்தால் அதைக் கண்ணால் பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.

பரிசோதனை என்றால் என்னவோ என்று பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். முந்தின நாள் கஞ்சித் தண்ணீர், இளநீர் மாதிரி நீராகாரம், குடலைச் சுத்தம் செய்ய ஒரு பேதி மருந்து. மறுநாள் மயக்க ஊசி போட்டு, கேமரா வைத்த மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திக் குடலின் உட்சுவரைப் பார்ப்பார்கள். அரை மணி, முக்கால் மணி வேலை. சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் சின்ன மொட்டாகத்தான் ஆரம்பிக்கிறது. அது புற்றாக மாறப் பத்து வருஷம்கூட ஆகலாம். மொட்டு கண்ணில் பட்டால் அதே குழாய் வழியாக அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். வரப்போகிற நோயை வருமுன்னே எடுத்துப் போட முடிகிற புற்றுநோய்கள் மிகச் சில. அதில் இது ஒன்று.

என் பெரியம்மா ஆத்தூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ரத்தம் போனதை ஒரு வருஷத்துக்கும் மேல் யாரிடமும் சொல்லவில்லை. ‘அந்த இடத்தை எப்படிம்மா ஒரு ஆம்பளைகிட்ட காட்டறது’ என்று கடைசியில் என்னிடம் சொன்னபோது கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. உங்கள் அடைப்புக்குறிக்குள் இருப்பதும் அந்தக் கூச்சமாக இருந்தால், பெண் மருத்துவர் வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். இல்லை, அப்பா இப்படி இருக்கும்போது நான் என்னைப் பார்ப்பதா என்று நினைத்திருந்தால், அதற்காக உங்களைக் கடிந்துகொள்கிறேன். ஆறு மாதக் கீமோவில் அப்பாவை அழைத்துப் போகப்போவது யார்? வாந்தி எடுத்தால் தலையைப் பிடிக்கப்போவது யார்? அப்பாவுக்குத் துணை நிற்கும் உடம்பைக் கவனிக்காமல் விடுவதைத் தியாகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாவுக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமையில் அதுவும் சேர்த்தி.

இனி மூலிகைக்கு வருகிறேன். செடியிலிருந்து புற்றுக்கு மருந்து வரும் என்று அண்ணன் நம்புவதில் தவறில்லை. வந்திருக்கிறது. சீனாவில் வளரும் ஒரு மரத்திலிருந்து 1966இல் கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறுமரத்திலும் அதே பொருள் உண்டு. 1970களில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நச்சு தாங்க முடியாமல் நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்த மூலக்கூறை மாற்றி, அளவு கண்டு, இரினோடெக்கான் என்ற ஊசி மருந்தாக்கினார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கென்று 1996இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. மரத்திலிருந்து மருந்தாக முப்பது வருஷம். அண்ணன் அந்த முப்பது வருஷத்தை உங்கள் அடுப்பில் ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறார்.

நித்தியகல்யாணியைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் ரத்தப் புற்றுக்கு நல்ல மருந்து, குடல் புற்றுக்கு அல்ல. நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம்தான் தேறும். அந்த ஒரு கிராமையும் மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள். நரம்பைக் கெடுக்கிற சரக்கு அது. உங்கள் அப்பாவுக்குத் தரப்போகும் கீமோவில் பெரும்பாலும் ஆக்சாலிப்ளாட்டின் என்ற மருந்து இருக்கும், அதுவும் கைகால் நரம்பைத்தான் பிடிக்கும். (அந்த ஊசி போட்ட நாட்களில் குளிர் பட்டால் விரலும் தொண்டையும் மரத்துப்போகும். அப்பாவை அந்தச் சமயத்தில் ஏற்காட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள், ஃபிரிட்ஜ் தண்ணீரும் கொடுக்காதீர்கள்.) முள்ளு சீத்தா கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களைக் கொன்றிருக்கிறது, உண்மைதான். குடல் புற்று வந்த மனிதரை அது குணமாக்கியதற்குச் சான்றில்லை. கரீபியத் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் தள்ளாட்டமும் கண்டதாக 1999இல் எழுதினார்கள்.

மஞ்சளும் மிளகும் ரசத்திலும் குழம்பிலும் இருக்கட்டும். மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் ஏறுவதே அரிது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது. அண்ணன் விற்கிற மிளகுக்கு அவ்வளவு சக்தி. அதே சக்தி மற்ற மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ஆகவே கஷாயமாக, பொடியாக, மாத்திரையாக எதுவும் கூடாது. கொடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், கீமோ மருத்துவரிடம் பாட்டிலோடு போய்க் காட்டிவிட்டுக் கொடுக்கட்டும்.

மூன்று மாதம் பார்ப்போம் என்பதற்கு இடமே இல்லை. ஆபரேஷன் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்க வேண்டும். தள்ளத் தள்ளப் பலன் குறையும். உங்களிடம் மீதி இருப்பது மூன்று வாரம். பணம்தான் தயக்கம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. அட்டையை எடுத்துச் சரிபாருங்கள்.

கடைசியாக அண்ணனைப் பற்றி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி இலை பறித்து வருகிறவருக்குப் பாசமில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் மருத்துவமனை வராந்தாவில் உங்களோடு அவர் ஒரு நாள் உட்கார்ந்ததாக நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை. மூத்த மகன் உட்கார வேண்டிய இடம் அது. அவரும் அதே அப்பாவின் பிள்ளை, உங்களுக்கு மூத்தவர், அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ரத்தம் பட்டாலும் படாவிட்டாலும் அவரும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அப்பாவின் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ‘அப்பாவுக்குக் குடல் புற்றுநோய், எனக்கும் ரத்தம் பட்டது’ என்பதாக இருக்க வேண்டும். புறநோயாளி சீட்டுக்கு வரிசை நீளமாக இருக்கும், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.