ஃபிதாயிகளையும் வான் நகரத்தாரையும் ஒன்றாகக் கட்டலாமா?

கேள்வி: பேரரசுகளின் கீழ் நடந்த ஆயுதத் தற்காப்பு பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். ஒட்டோமான் பேரரசில் மலைகளில் ஆயுதக் குழுக்களாக இயங்கிய ஆர்மீனிய ஃபிதாயிகள், 1915இல் அந்தப் பேரரசின் கிழக்கிலுள்ள வான் (Van) நகரத்தைக் காத்த ஆர்மீனியர்கள், ரஷ்யப் படையோடு சேர்ந்த ஆர்மீனியத் தன்னார்வலர்கள் ஆகியோரை ஒரே அத்தியாயத்தில் எழுதலாமா? "இவர்கள் ஆயுதம் எடுத்ததால்தான் 1915இல் ஒட்டோமான் அரசு ஆர்மீனியரை நாடுகடத்தியது" என்ற வாதத்துக்கு என்ன பதில் எழுதுவது?

பதில்: அத்தியாயம் ஒன்றாக இருக்கலாம், பெயர் ஒன்றாக இருக்கக் கூடாது. "ஆர்மீனியக் கிளர்ச்சியாளர்கள்" என்று மொத்தமாக எழுதினால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும் வழியே அடைபட்டுவிடும்.

முதலில் ஃபிதாயி. தன் உயிரையே ஈடாகக் கொடுப்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்து, ஒருமுறை விளக்கிவிடுங்கள். 1878 பெர்லின் உடன்படிக்கையின் 61ஆம் பிரிவு ஆர்மீனியர் வாழும் மாகாணங்களில் சீர்திருத்தம் செய்வதாகவும், அவர்களுக்குப் பாதுகாப்பு தருவதாகவும் சொன்னது. அது ஏட்டோடு நின்றது. 1891இல் ஒட்டோமான் சுல்தான் அப்துல் ஹமீது குர்திய இனக்குழுக்களைக் கொண்டு ஹமீதியே குதிரைப்படையை அமைத்தார். ஊரைக் கொள்ளையடித்தவனுக்கே அரசுச் சீருடை கிடைத்தது என்றுதான் கிராமத்தார் அதைக் கண்டார்கள். 1894 முதல் 1896 வரை நடந்த ஆர்மீனியர் படுகொலைகளுக்குப் பிறகு சாசூன், மூஷ் மலைகளில் சிறு குழுக்கள் பெருகின. செரோப், கெவோர்க் சாவுஷ், அந்திரானிக் ஆகியோர் அவற்றின் தலைவர்கள். செரோபின் மனைவி சோசேயும் துப்பாக்கி ஏந்தியவர். ஆயுதம் பெரும்பாலும் பாரசீக, ரஷ்ய எல்லைகள் வழியாக வந்தது.

1901 நவம்பரில் மூஷுக்கு அருகே அரக்கெலோட்ஸ் மடத்தில் அந்திரானிக்கும் சில டஜன் பேரும் ஒட்டோமான் படையின் முற்றுகையில் பல நாள் தாக்குப்பிடித்து, இரவோடு இரவாகத் தப்பினார்கள். வீரக்கதையாக இது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கேட்க வேண்டியது இன்னொன்று. குழு மலையேறிப் போன பிறகு, அதற்குச் சோறு போட்ட ஊர் என்ன ஆனது? அடி வாங்கியது அந்த ஊர்தான். ஃபிதாயிகள் செய்ததெல்லாம் தற்காப்பும் அல்ல. 1896இல் ஒட்டோமான் வங்கியைக் கைப்பற்றியது ஐரோப்பாவின் கவனத்தை இழுக்க. 1897இல் கானாசோரில் ஒரு குர்திய இனக்குழுவைத் தாக்கியது பழிக்குப் பழி. இவற்றை மறைக்காமல் எழுதுங்கள்.

1908இல், சுல்தான் நிறுத்திவைத்திருந்த அரசியலமைப்பு திரும்ப நடைமுறைக்கு வந்ததும் ஃபிதாயிகள் பலர் மலையிலிருந்து இறங்கி ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஆர்மீனியப் புரட்சிக் கட்சியான தாஷ்னாக், அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த இளம் துருக்கியர் இயக்கத்தோடு கைகோத்தது. பலரும் தாண்டிப் போகும் இடம் இது. நீங்கள் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

தன்னார்வப் படைகள் வேறு கணக்கு. 1914இல் ரஷ்ய அரசின் ஒப்புதலோடு, பெரும்பாலும் ரஷ்யக் குடிமக்களான ஆர்மீனியரைக் கொண்டு அமைந்தவை. அந்திரானிக் போன்ற பழைய ஃபிதாயிகள் சிலர் அவற்றில் இருந்ததால்தான் குழப்பம் வருகிறது.

வான் நகரத்தில் நடந்தது இன்னொன்று. ஆளுநர் ஜெவ்தெத் பே, ஆயுதமின்றி உடலுழைப்பு வேலை செய்யும் வேலைப்பட்டாளத்துக்கு 4,000 ஆர்மீனிய ஆண்களைக் கேட்டார். அனுப்பினால் திரும்ப மாட்டார்கள் என்ற அச்சத்தில், சில நூறு பேரைத் தருகிறோம், மற்றவர்களுக்கு விலக்குவரி கட்டுகிறோம் என்றார்கள் ஊரார். அவர் ஏற்கவில்லை. சுற்றுக் கிராமங்களில் கொலைகள் தொடங்கிவிட்டன. ஏப்ரல் 20 அன்று சண்டை மூண்டது. அராம் மனுகியான் போன்ற கட்சிக்காரர்கள் வழிநடத்தினாலும், பதுங்குகுழி வெட்டியதும் வெடிமருந்து தயாரித்ததும் தோட்டா வார்த்ததும் கைவினைஞர்களும் ஆசிரியர்களும் பெண்களும் சிறுவர்களும்தான். மே மாதம் ரஷ்யப் படை வரும்வரை, சுமார் நான்கு வாரம், தாக்குப்பிடித்தார்கள்.

மத்தியதரைக் கடலோர மலையான முசா தாக்கில் நடந்தது இன்னும் தெளிவு. நாடுகடத்தும் உத்தரவு வந்த பிறகே அங்கிருந்த ஆறு ஆர்மீனியக் கிராமத்தார் மலையேறினார்கள். பெண்கள் இரண்டு பெரிய துணிகளைத் தைத்தார்கள். ஒன்றில் சிவப்புச் சிலுவை. மற்றதில், ஆபத்தில் இருக்கிறோம், காப்பாற்றுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுத்து. கடலைப் பார்க்கக் கட்டிய அந்தத் துணியைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் பார்த்தது. செப்டம்பரில் 4,000க்கும் மேற்பட்டோர் எகிப்தின் போர்ட் சையதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு காலவரிசை போட்டாலே பெரும்பகுதி விடை வந்துவிடும். ஒட்டோமான் படையிலிருந்த ஆர்மீனிய வீரர்களிடம் ஆயுதத்தைப் பறித்து வேலைப்பட்டாளங்களுக்கு மாற்றும் ஆணை 1915 பிப்ரவரியில். ஆர்மீனியர் வாழ்ந்த மலை ஊரான ஜெய்தூனின் மக்களை வெளியேற்றத் தொடங்கியது ஏப்ரல் தொடக்கத்தில். வான் சண்டை அதற்குப் பிறகு. எல்லையிலிருந்து வெகு தொலைவில், ஒரு தோட்டாகூடச் சுடாத ஊர்களிலிருந்தும் மக்கள் பாலைவனத்துக்கு நடத்தப்பட்டார்கள்.

படங்களைச் சேர்க்கும்போது மட்டும் கவனம். "பறிமுதல் செய்யப்பட்ட ஆயுதங்கள்" என்று துப்பாக்கிக் குவியலைக் காட்டும் படங்கள் நிறையக் கிடைக்கும். ஆயுதம் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று அடித்துத் துன்புறுத்தியதால், இல்லாதவர்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் காசு கொடுத்து வாங்கி ஒப்படைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. எந்த ஊர், எந்த மாதம், எடுத்தது யார் என்று தெரியாத படத்தை ஆய்வேட்டில் வைக்காதீர்கள்.