கூலிங் வெஸ்ட் வாங்கலாமா, வலை ஜக்கெட் போதுமா?

கேள்வி: எனக்கு வேலை வவுனியாவில், வீடு உப்புவெளியில். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டு ஹொரவப்பொத்தானை, பன்குளம் வழியாக வருவேன். ஆடி மாதக் கச்சான் காற்றில் வீடு வந்து சேரும்போது தலையிடி, நாக்கு வறண்டு கிடக்கும். காற்றுப் படட்டும் என்று அரைக்கை ரீ-சேர்ட்தான் போடுவேன். முகநூலில் 'கூலிங் வெஸ்ட்' என்று உடம்பைக் குளிர்விக்கும் கையில்லாத சட்டை ஒன்றை விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூட. வாங்கலாமா? அல்லது காற்றுப் புகும் வலைத்துணியில் தைத்த மோட்டார் சைக்கிள் ஜக்கெட்டே (வலை ஜக்கெட்) போதுமா?

பதில்: வெஸ்ட்டுக்கு முன்னால் அந்த அரைக்கை ரீ-சேர்ட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்கள் தலையிடிக்குப் பெரும்பங்கு காரணம் அதுதான். வெக்கையில் நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 பாகை. காற்று அதைவிடக் குளிராக இருக்கும்வரை உடம்பில் படப்பட நல்லது. அதைவிடச் சூடாகிவிட்டால் அதே காற்று உடம்புக்குள் சூட்டை ஏற்றும். அப்போது நம்மைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். வெறும் கையில் கச்சான் அடித்தால் வியர்வை வந்த வேகத்திலேயே பறந்துவிடும். தோல் காய்ந்திருப்பதால் வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டுவிடுவோம்.

உங்கள் பாதையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கச்சான் மேற்கிலிருந்து வருவது, நீங்களும் கிழக்கு நோக்கி வருகிறீர்கள். நீங்கள் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, பின்னாலிருந்து 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உங்கள் நெஞ்சில் படுவது வெறும் 20 கிலோமீட்டர் காற்றுத்தான். பின்னேர வெயிலும் முதுகில்தான். ஆகவே நீங்கள் முக்கியமாகக் காக்கவேண்டியது பிடரியும் முதுகும்.

சரி, எதை வாங்குவது? முதலில் வலை ஜக்கெட். வெளிர் நிறம், முழுக்கை, தோளிலும் முழங்கையிலும் காப்புத் தட்டு உள்ளது. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் EN 17092 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடும் A, AA, AAA என்ற வகுப்புகளில் ஒன்றும் இருக்கவேண்டும். காப்புத் தட்டைக் கழற்றிப் பாருங்கள், அதில் EN 1621-1 என்று பொறித்திருக்கவேண்டும். வெறும் பஞ்சுத் துண்டை வைத்துத் தைத்த ஜக்கெட்டுகளும் கடைகளில் தொங்குகின்றன. விரலால் அழுத்தினால் தட்டையாகிவிடும். விழுந்தால் அது முழங்கையைக் காக்காது.

அதற்குள்ளே நனைத்த பருத்தி பெனியன். இதற்குக் காசு செலவில்லை, நான் சொல்வதில் மிகப் பலன் தருவதும் இதுதான். போன வைகாசியில் பன்குளத்தில் ஒரு கடைக்குப் பின்னால் இருந்த குழாயில் பெனியனை முழுக்க நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஜக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். கையால் கழுத்துப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்ததும் நெஞ்சு சில்லிட்டது. அரை மணித்தியாலம் கடந்த பிறகுதான் தோள்பட்டை காய ஆரம்பித்தது. பிறகு இன்னொரு போத்தல் தண்ணீரை மேலால் ஊற்றினேன். கழுத்தில் நனைத்த துவாயும் சுற்றிக்கொண்டால் உங்கள் பிடரிப் பிரச்சினை பாதி தீரும்.

கூலிங் வெஸ்ட் செய்வதும் இதே வேலைதான். நனைத்துப் போடும் வகை என்றால், தண்ணீரை அதிக நேரம் பிடித்துவைக்கும், அவ்வளவே. காய்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும். கரைக்கு வந்ததும் ஈரப்பதம் கூடுவதால் பலன் குறையும். காற்றுப் புகாத ஜக்கெட்டுக்குள் போட்டால் ஈரத் துணிக்குள் வேகவேண்டியதுதான். குளிரூட்டிப் போடும் ஜெல் பை வகை ஈரமான காற்றிலும் குளிர்விக்கும். ஆனால் பை சூடாகிவிட்டால் மறுபடியும் ஐஸ் தேட வேண்டும், வழியில் எங்கே தேடுவது? நான் ஒருதடவை அப்படியொன்றை வாங்கி, வீடு வருவதற்குள் சுமையாகிப்போனது. மாதத்தில் நாலு தரம் போகும் உங்களுக்கு முதலில் பெனியன் போதும். ஒரு மாதம் பாருங்கள், அப்புறமும் போதவில்லை என்றால் நனைக்கும் வகையை வாங்கலாம்.

குடிப்பது பற்றி: தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் அளவு, சிறிது சிறிதாக. ஹொரவப்பொத்தானையில் நிறுத்திச் செவ்விளநீர் குடிப்பது நல்லது. நிறைய வியர்த்திருந்தால் ஜீவனி (உடம்பில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பொதியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், அளவைக் குறைத்தோ கூட்டியோ கரைக்காதீர்கள். தலை சுற்றல், பேச்சுத் தடுமாற்றம், எங்கே வந்தோம் என்ற குழப்பம் வந்தால் அது வெப்பத் தாக்கு. நிழலில் இறங்கி, உடம்பை நனைத்து, உடனே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஓட்டித் தொடராதீர்கள். முடிந்தால் வேலைத்தலத்தில் பேசி நாலரைக்கு வெளிக்கிடப் பாருங்கள். இருட்டுவது ஒரு தொல்லைதான், ஆனால் வெயில் அவ்வளவு சுடாது.

கேள்வி: இணையத்தில் வலை ஜக்கெட் வாங்கினேன். 'காப்புத் தட்டுடன்' என்று விளம்பரத்தில் இருந்தது. வந்ததில் வெறும் ஸ்பொஞ்ச். விற்றவர் பதில் சொல்வதில்லை. என்ன செய்யலாம்? (மூதூர் வாசகர்)

பதில்: விளம்பரத்தின் படத்தையும் உரையாடலையும் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். பொருளைக் கழுவாமல், சீட்டைக் கழற்றாமல் வையுங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள். காசு அனுப்பிய வங்கிச் சீட்டின் பிரதியையும் இணைத்துவிடுங்கள்.