ஹேட்டரஸில் மீன் பிடிக்கப் போக காரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வட கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். நான், மனைவி, 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அக்டோபரில் எங்கள் மாநிலக் கடற்கரையில் இருக்கும் கேப் ஹேட்டரஸ் போய் மூன்று இரவு கூடாரத்தில் தங்கி, கரையில் நின்று தூண்டில் போட ஆசை. தூண்டில் கம்பு, ரீல், கூலர், புதுக் கூடாரம் என்று 2,800 டாலருக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். கடையே தரும் கிரெடிட் கார்டில் வாங்கினால் 12 மாதம் வட்டி இல்லையாம். மணலில் ஓட்ட காரை மாற்றி ஃபோர் வீல் டிரைவ் வாங்கவும் யோசனை. அவசரச் சேமிப்பு இரண்டு மாதச் செலவுக்கு இருக்கிறது. செய்யலாமா?

பதில்: கட்டாயம் போய் வாருங்கள். காரை மட்டும் தொடாதீர்கள். மூன்று நாள் மணலில் ஓட்டுவதற்காக ஐந்து வருடம் தவணை கட்டுவது எந்தக் கணக்கிலும் வராது. வண்டியோடு மணலில் இறங்க 10 நாள் பெர்மிட்டுக்கே 50 டாலர், அதோடு டயர் காற்றைக் குறைக்கும்போது அளக்கும் கேஜ், மண்வெட்டி, ஜாக், அதற்கு அடியில் வைக்கப் பலகை எல்லாம் கையில் இருக்க வேண்டும், அப்படியும் புதைந்துவிட்டால் இழுத்துவிட ஆள் கூப்பிடும் செலவு தனி. நடந்து போய் தூண்டில் போடுகிறவருக்கு இந்தப் பெர்மிட்டே தேவையில்லை. இலையுதிர்காலத்தில் ரெட் டிரம் (நம்ம ஊர் கத்தாளைக் குடும்பம்தான்) கரையோரம் வருகிறது. உலக சாதனையான 94 பவுண்ட் 2 அவுன்ஸ் மீன் 1984 நவம்பரில் அங்கே அவான் என்ற ஊரில்தான் பிடிபட்டது.

அப்புறம் அந்தக் கடை கார்டு. "வட்டி இல்லை" என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். பல கடை கார்டுகளில் வட்டி தள்ளி வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். 12 மாதம் முடியும்போது 50 டாலர் பாக்கி நின்றாலும், வாங்கிய நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி போட்டுவிடுவார்கள், அதுவும் 20 சதவீதத்துக்கு மேல். இரண்டு மாதச் சேமிப்பு மட்டுமே கையில் இருக்கிற வீட்டுக்கு இது வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சரி, உண்மையில் எவ்வளவு ஆகும்? ஹேட்டரஸ் தேசியக் கடற்கரையில் மணலிலேயே கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. ஆரிகன் இன்லெட், கேப் பாயிண்ட், ஃபிரிஸ்கோ, ஒக்ரகோக் என்ற நான்கு முகாம்களில்தான் தங்கலாம், இரவுக்கு 30 டாலர் அளவு என்று வைத்து மூன்று இரவுக்கு 90. போக வர, அங்கே சுற்ற 600 மைலுக்கு பெட்ரோல் 80. கடல் மீன்பிடி லைசென்ஸ் மாநிலவாசிகளுக்கு வருடத்துக்கே 20 டாலருக்குள், 16 வயதுக்குக் கீழே தேவையில்லை, ஆகவே உங்கள் இருவருக்கும் 40. ரீலோடு சேர்ந்த சாதாரண கம்பு இரண்டு 200. இரைக்கு மடவைத் துண்டு, ஈயம், ஐஸ் 80. சாப்பாடு 150. கூடாரத்தை கேரியில் நண்பர்கள் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், ஆனால் மணலுக்கான நீள முளைகளை 30 டாலர் போட்டு நீங்களே வாங்குங்கள், அந்தக் காற்றுக்குச் சின்ன முளை நிற்காது. மொத்தம் 670, கையில் 700 இருந்தால் போதும். மீன் கிடைக்கும், சாப்பாட்டுச் செலவு குறையும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: ரெட் டிரம் 18 முதல் 27 அங்குலத்துக்குள் இருந்தால், ஆளுக்கு நாளைக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம், பெரியதைக் கடலிலேயே விட வேண்டும்.

அக்டோபர் புயல் காலம், அங்கே போகும் ஹைவே 12-இல் கடல் ஏறினால் சாலையை மூடிவிடுவார்கள். முகாம் இடத்தை ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு இணையதளம் வழியாகப் பதிந்தால் ரத்துக் கட்டணம் 10 டாலர், போய்ச் சேர வேண்டிய நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ ரத்து செய்தால் கூடவே ஓர் இரவுக் கட்டணமும் போகும், முகாமையே மூடினால் முழுப் பணமும் திரும்பும். வாடகை வீட்டில் இந்த வசதி பெரும்பாலும் கிடையாது, பயணக் காப்பீடும் புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கியிருந்தால்தான் செல்லும்.

கார்டுக்கு மாதம் 233 டாலர் கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அதே தொகையை இந்த மாதமே நல்ல வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் போட ஆரம்பியுங்கள். மூன்று மாதத்தில் பயணப் பணம் வந்துவிடும். நான்காவது மாதத்திலிருந்து அதே 233 அவசரச் சேமிப்புக்குப் போகட்டும், குறைந்தது நான்கு மாதச் செலவு சேரும் வரை.