காலைத் தும்மலும் வலி மாத்திரைத் தடிப்பும் ஒரே அலர்ஜியா?

கேள்வி: என் வயது 34. வருடம் முழுக்கத் தூங்கி எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு. வெளியே கிளம்பிய பிறகு குறைந்துவிடும். போன மாதம் முதுகுவலிக்கு ஐபுபுரூஃபன் சாப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிடுமா?

பதில்: தும்மலுக்குத் தெரிய வாய்ப்பு அதிகம். மாத்திரைக்கு அநேகமாகத் தெரியாது. இரண்டும் உடம்புக்குள் வேறு வேறு வழியில் நடப்பவை.

சீசன் பார்க்காமல், காலையில் மட்டும் கூடுகிற தும்மலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது தூசி உண்ணி. சுமார் 0.3 மில்லிமீட்டர்தான் இருக்கும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீரைக் காற்றின் ஈரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் மெத்தையும் தலையணையும் அதற்கு வசதியான இடம். தொல்லை தருவது பெரும்பாலும் அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்.

எனவே படுக்கையிலிருந்து தொடங்குங்கள். மெத்தை, தலையணை இரண்டுக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த அலர்ஜி உறை போடுங்கள். விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் எச்சம் ஓரளவு போகும், உண்ணி சாகாது. படுக்கையறையில் ஈரத்துணி காயப்போடாதீர்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பெருகாது. துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பலரும் முதலில் வாங்குவது ஏர் பியூரிஃபையர்தான். உண்ணியின் துகள் கனமானது, சீக்கிரமே கீழே படிந்துவிடும். அதனால் இதில் பெரிய பலன் இல்லை. இவற்றில் ஒன்றை மட்டும் செய்தாலும் பலன் குறைவுதான்.

மருத்துவர் மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தால், இடது மூக்குக்கு வலது கையால் பிடித்து, முனையை நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டே நாளில் நிறுத்திவிடாதீர்கள். தோல் பரிசோதனை என்றால், அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அது தேவையில்லை.

இனி மாத்திரை விஷயம். இதில் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஐபுபுரூஃபன் காக்ஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. சிலருக்கு அந்தத் தடையே தடிப்பையும் வீக்கத்தையும் கிளப்பிவிடும். அலர்ஜி ரத்தப் பரிசோதனை தேடுவது, உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத்தான். இந்த வகையில் அதற்கு வேலை இல்லை என்பதால் ரத்தத்தில் தேடினாலும் கிடைக்காது. அதே நொதியைத் தடுக்கும் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் சாப்பிட்டாலும் இதே நிலை வரலாம். மருத்துவர் முடிவு சொல்லும்வரை இவை எதுவும் வேண்டாம். சளி, காய்ச்சல் கூட்டு மாத்திரைகளிலும் இவை ஒளிந்திருக்கும். அட்டையின் பின்புறம் மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள். பாராசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனாலும் உங்களுக்கு உதடு வீங்கியிருப்பதால் முதல் டோஸை மருத்துவர் முன்னிலையில் எடுங்கள். ஆஸ்துமாவோ, மூக்கில் சதை வளர்ச்சியோ, வாசனை தெரியாத குறையோ இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரைகளால் கடுமையான மூச்சிரைப்பு வரலாம்.

மாத்திரையின் பெயர், அளவு, சாப்பிட்ட நேரம், தடிப்பு வந்த நேரம் நான்கையும் எழுதி, அந்த அட்டையோடு அலர்ஜி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி எப்போதாவது தடிப்போடு குரல் கம்முவது, மூச்சுத் திணறல், தலைசுற்றல், நாக்கு வீக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அப்போது உயிர் காப்பது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது அரிப்பைக் குறைக்கும், அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது.