தென்னைக்கு விட்ட தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கிறோம். கணவர் வீட்டார் பரமக்குடியில் நெசவு பார்த்தவர்கள். நாங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு, கையால் நூலுக்குச் சாயம் ஏற்றி விற்கிறோம். பெரும்பாலும் பாக்கெட் சாயம், உப்பு, சோடா. கொஞ்சம் கடுக்காய், அவுரி. எங்கள் மகளுக்குப் பத்து வயது. லீவு நாட்களில் கொட்டகையை விட்டு நகரமாட்டாள். அவள் தோய்க்கும் சிட்டம் (நூல் கத்தை) மட்டும் திட்டுத்திட்டாக வருகிறது, அழுகிறாள். சீராக வர எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அவள் தோய்த்தது என்று படம் போட்டால் அதைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறார்கள். ஆசிரியரான என் அண்ணன், "இது குலக்கல்வி" என்று சண்டை போடுகிறார். மீந்த சாயத் தண்ணீரைக்கூட நாங்கள் வீணாக்குவதில்லை, தென்னைக்கு விட்டுவிடுகிறோம். முழுக்க இயற்கைச் சாயத்துக்கு மாறிவிட்டால் குழந்தைக்குப் பயமில்லைதானே? நம் கரையில் சாயவேர் இன்னும் கிடைக்குமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

நிறைய கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் கேட்காத ஒன்றுக்காக. "தென்னைக்கு விட்டுவிடுகிறோம்" என்று பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. சாயல்குடிப் பக்கம் மணலில் தோண்டிய ஊற்றடியில் பெண்கள் குந்தியிருந்து தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நம் மணலுக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் குழந்தையின் அழுகை. சிட்டம் திட்டாவதற்குப் பெரும்பாலும் குழந்தை காரணமில்லை. பஞ்சு நூலில் மெழுகு இருக்கிறது. சலவை சோடா போட்டு நன்றாக வேகவைத்து அலசி, இரவு முழுக்க ஊறவைத்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். அரைகுறையாக நனைந்த நூல் சாயத்தையும் அரைகுறையாகத்தான் குடிக்கும். சிட்டத்தின் கட்டு இறுகியிருந்தால் கட்டின் கீழே வெள்ளை நிற்கும். கட்டைத் தளர்த்துங்கள், தொட்டியில் போட்ட பிறகு கம்பை விடாமல் சிட்டத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பத்து வயதுக் கைக்கு ஈர நூல் கனம். கால் கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு விஷயம், அவள் அழுவது எனக்குப் பிடித்திருக்கிறது. படத்தைப் பார்த்து வாங்குபவர்கள் "திட்டுதான் அழகு" என்கிறார்கள். அவளுக்குத் தெரிகிறது அது திட்டு என்று. அந்தக் கண்ணைக் கெடுத்துவிடாதீர்கள். குழந்தை தோய்த்தது என்று சொல்லி விற்பதை இன்றோடு நிறுத்துங்கள். நூலை விற்கிறீர்களா, பிள்ளையை விற்கிறீர்களா? கெட்டுப்போன சிட்டங்களைக் கடுக்காயில் போட்டுத் துருத் தண்ணீரில் முக்கினால் எல்லாம் ஒரே கருப்பாகிவிடும். அதில் அவள் மறுபடி பழகட்டும்.

உங்கள் அண்ணனுக்கு. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்து, அடுத்த ஆண்டே காமராஜர் வந்ததும் கைவிடப்பட்ட அந்தத் திட்டத்தின் மேல் தமிழ்நாட்டுக்கு இருக்கும் கோபம் நியாயமான கோபம். பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதிக்கு அப்பன் தொழிலைப் பார் என்றால் எவன் பிள்ளை எங்கே நிற்பான் என்பது ஊருக்கே தெரியும். லீவு நாளில் ஆசைப்பட்டு நூல் முக்கும் பெண்ணுக்கு அது பொருந்தாது. ஆனால் ஆர்டர் நெருக்குகிறது என்று ஒரு திங்கட்கிழமை அவளை நிறுத்திவைத்தீர்கள் என்றால் நான் உங்கள் அண்ணன் பக்கம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"இயற்கைச் சாயம் என்றால் பயமில்லை" என்பது விளம்பரக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பேச்சு. இலைச் சாயத்தைப் பிடித்துவைக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுகிறார்களே, அது விஷம். அவுரித் தொட்டியில் விழும் சுண்ணாம்பு ஒரு துளி கண்ணில் தெறித்தால் என்ன ஆகும்? பாக்கெட் சாயத்தில் கரைத்த பிறகு இருக்கும் ஆபத்தைவிடப் பொடியாக இருக்கும்போது உள்ள ஆபத்து பெரிது. மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம். எந்தப் பொட்டலத்தையும் அவள் பிரிக்கக் கூடாது. அவுரித் தொட்டியிலிருந்து நூல் பச்சை மஞ்சளாக வெளியே வந்து, காற்று பட்டதும் நீலமாவதைப் பார்க்கட்டும். அதைப் பார்க்காத பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் கையுறையோடு, ஓர் எட்டுத் தள்ளி நின்று.

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

என் தாய்மாமா எமனேஸ்வரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். பள்ளி லீவில் நான் அங்கே போவேன். எனக்குச் சாயத்தில் கைவைக்க அனுமதி கிடையாது, வாளி தூக்கலாம். மாமா ஒவ்வொரு வாளியிலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இது கோயில் கிணறு. இது சிவப்புக்கு ஆகும், நீலத்துக்கு ஆகாது. கொட்டிவிட்டு ஆற்று ஊற்றில் மொண்டு வா" என்பார். நான் முணுமுணுத்துக்கொண்டே வைகை மணலுக்கு நடப்பேன். சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் சோடாவைப் போட்டால் திரிந்து வெள்ளைப் பொடி நூலில் படியும், நிறம் மங்கும். உங்கள் பெண்ணின் திட்டுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே சுண்ணாம்புத் தண்ணீர் சாயவேருக்குக் கிடைத்தால் கதையே வேறு. அந்த வேரின் சிவப்பு, படிகாரத்தோடும் சுண்ணாம்போடும் சேர்ந்தால்தான் நூலில் பளிச்சென்று நிற்கும். கிளிஞ்சல் கலந்த மணலும் அதில் ஊறும் தண்ணீரும் உள்ள சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணி கடல் கடந்து போனதில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. 1868-இல் இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் அந்தச் சிவப்பின் மூலப்பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். பிறகு வேரை யார் தோண்டுவார்கள்? செடி இன்னும் இருக்கிறது. மணலில் படர்ந்து பொடிப்பொடியாக வெள்ளைப் பூ வைத்திருக்கும், சித்த வைத்தியர்கள் இம்பூறல் என்பார்கள். தோண்டாதீர்கள். ஒரு சிட்டத்துக்கே கை நிறைய வேர் வேண்டும், மணலைப் பிடித்துவைத்திருப்பதும் அதுதான். விதை எடுத்து வீட்டில் ஒரு பாத்தி போடுங்கள், வேர் தடிக்க இரண்டு வருடமாவது ஆகும்.

உள்ளே வரும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த அதே மாமா, வெளியே போகும் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடும். இன்றைக்கு உள்ளே என்ன நிறம் என்று வாய்க்காலைப் பார்த்துப் பந்தயம் கட்டுவோம். அது வைகைக்குப் போனது. நான் மொண்டு வந்த ஊற்றும் அதே வைகையில்தான் இருந்தது. அங்கே இருந்த ஒருவருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. திருப்பூரில் அப்படித் தோன்றாமல் போனதன் விலையை நொய்யல் ஆறு கொடுத்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது.

"நாங்கள் ஒரு கொட்டகை, எங்களால் என்ன ஆகிவிடும்" என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லாதீர்கள், கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ நூலுக்கு இருபது லிட்டர் தண்ணீர். பாக்கெட் சாயம் அழுத்தமாக ஏற லிட்டருக்கு 50 கிராம் உப்பு, கருப்புக்கும் கருநீலத்துக்கும் இன்னும் அதிகம். அதாவது ஒரு கிலோ நூலுக்கு ஒரு கிலோ உப்பு. உப்பில் ஒரு பொட்டுகூட நூலில் தங்காது, எல்லாம் தண்ணீரோடு வெளியே வரும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். நீங்கள் தென்னைக்கு விடுவது கடலைவிடக் கரித்த தண்ணீர், தங்கையே. தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும் என்பதால் அது வாய் திறக்கவில்லை.

அந்தத் தென்னைக்குக் கீழே என்ன இருக்கிறது? நம் கரையில் பாறைக்குள் பத்திரமாகத் தேங்கிய தண்ணீர் கிடையாது. பெய்த மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே, காய்ச்சிய பாலில் ஆடை கட்டியதுபோல மெல்லியதாக மிதக்கிறது. ஊற்று தோண்டும் பெண்கள் இரண்டு மூன்று அடியில் நிறுத்திக்கொள்வதும், வாளிக்குப் பதில் சிரட்டையை எடுப்பதும் அதனால்தான். ஆழம் போனாலோ வேகமாக இறைத்தாலோ கரிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மேலிருந்து நீங்கள் உப்பை ஊற்றினால் அவர்கள் எங்கே தோண்டுவார்கள்? காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, உண்மை. அது வராத நாட்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு யார் எங்கே போகிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே நின்று பாருங்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: சிமெண்டில் அகலமாக, ஆழமில்லாமல் ஒரு தொட்டி கட்டுங்கள், அடியில் கசியாமல். வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கும் வெயில்தான் உங்கள் முற்றத்திலும் அடிக்கிறது. சாயத் தண்ணீரையும் முதல் அலசலையும் அதில் விட்டுக் காயவிடுங்கள். மிஞ்சும் கசடை மூட்டை கட்டி மழை படாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காயாது. அந்த இரண்டு மாதம் உப்புச் சாயம் வேண்டாம், கடுக்காயும் அவுரியும் போதும். அவற்றுக்கு அந்த உப்பு தேவையில்லை. வருமானம் குறையும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

உங்கள் பெண்ணுக்கு வரும் லீவில் ஒரு வேலை கொடுங்கள். குழாய்த் தண்ணீர், உங்கள் கிணறு, பக்கத்து வீட்டு போர்வெல், பிடித்துவைத்த மழைநீர், நான்கையும் நான்கு பாட்டிலில் பிடித்து, ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கட்டும். எதில் நுரை நிற்கிறது, எதில் திரிகிறது என்று நோட்டில் எழுதட்டும். பிறகு ஒரே நூலை நான்காகப் பிரித்து, ஒரே சாயத்தை நான்கு தண்ணீரிலும் அவள் கையாலேயே போடட்டும். நான்கும் உலர்ந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

அதோடு இன்னொன்றையும் அவளே அளந்து எனக்கு எழுதட்டும். அந்தத் தென்னை மூட்டிலிருந்து உங்கள் கிணறு எத்தனை அடி, பக்கத்து வீட்டுக் கிணறு எத்தனை அடி?