கூவத்துக்கு இந்தாண்ட ஒரு மாநிலம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி மாநில அந்தஸ்து கேட்பது நியாயம்தான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். தண்டையார்பேட்டையில் வேலை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் டீக்கடையில் கூடுவோம். அங்கே ஒரு நண்பர், "அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஏன் மாநிலமாக்க மாட்டேங்கறான்? எதிர்க்கட்சிக்கு ரெண்டு செனட்டர் கூடிடும். எல்லா ஊர்லயும் இதே சீட்டுக் கணக்குதான்" என்றார். இன்னொருவர், "ராயபுரத்துல உண்ணாவிரதம் இருந்துதானே பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திராவை வாங்கினாரு? நாமளும் உக்காந்தா வட சென்னை தனி மாநிலம் ஆயிடும். கொடுங்கையூர்க் குப்பையாவது வேற பக்கம் போகும்" என்று கிண்டலடித்தார். சிரித்துவிட்டு வந்தோம். ஆனால் புது மாநிலம் என்பதே கட்சிக் கணக்குதானா என்ற கேள்வி போகவில்லை.

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

அமெரிக்காவைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி. அங்கே பெரிய கலிஃபோர்னியாவுக்கும் செனட் என்கிற மேலவையில் இரண்டு பேர், மக்கள் குறைந்த வயோமிங்குக்கும் இரண்டு பேர். வாஷிங்டனில் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் இருக்கிறார்கள், வயோமிங்கைவிட அதிகம். வரி கட்டுகிறார்கள், செனட்டில் அவர்களுக்கு ஆளில்லை. 2016இல் நடந்த வாக்கெடுப்பில் 85 விழுக்காட்டுக்கு மேல் மாநிலம் வேண்டும் என்றார்கள். 2020, 2021 என இரண்டு முறை கீழவையில் மசோதா நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை. இந்தக் கணக்கு புதிதும் இல்லை. 1820இல் அடிமை முறை உள்ள மிசோரியைச் சேர்க்க வேண்டுமென்றால் அது இல்லாத மெய்னையும் சேர்க்க வேண்டும் என்று தராசு பிடித்தார்கள். 1889இல் ஒரு டகோட்டா இரண்டு மாநிலமாக, அதாவது நாலு செனட்டரோடு உள்ளே வந்தது.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்கும் என்று யார் சொன்னது? 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தபோது முன்னது ஜனநாயகக் கட்சிக்கு, பின்னது குடியரசுக் கட்சிக்கு என்றுதான் எண்ணினார்கள். இன்று அப்படியே தலைகீழ்.

நம் நாட்டில் அந்தக் கணக்குக்கே இடமில்லை. பழைய ஆந்திரத்துக்கு மாநிலங்களவையில் 18 இடம். 2014இல் பிரித்தபோது ஆந்திரத்துக்கு 11, தெலங்கானாவுக்கு 7. மக்களவையில் 42 என்பது 25, 17 ஆனது. ஒரு சட்டியில் இருந்ததை இரண்டு கிண்ணத்தில் ஊற்றியதுபோல்தான், ஒரு சொட்டு கூடவில்லை. அப்புறம் எதற்குச் சண்டை? கிருஷ்ணா தண்ணீருக்கு, அரசு வேலைக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஹைதராபாத்துக்கு. 2024 ஜூன் 2 வரை பத்து வருஷம் அது இரண்டு பேருக்கும் பொதுத் தலைநகராக இருந்தது. பாகப் பிரிவினையில் நடுக்கூடத்தைப் பொதுவில் விடுவதுபோல. அப்படி விட்ட வீடுகளில் எவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நம் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். அரசியலமைப்பின் 3ஆவது பிரிவுப்படி ஒரு மாநிலத்தை வெட்டவும் ஒட்டவும் பேரை மாற்றவும் நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் இரு அவைகளும் நிறைவேற்றிவிட்டன, மக்களவையில் மிளகுப்பொடி ஸ்பிரே எல்லாம் பறந்த பிறகு. 2019இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றமே கலைந்து கிடந்தது. அதன் கருத்தையும் நாடாளுமன்றமே சொல்லிக்கொண்டது. சிக்கிமை இந்தியாவில் சேர்க்க 1975இல் மக்களிடமே வாக்கெடுத்தார்கள். அப்போது அங்கே இந்தியப் படை நின்றது என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கையைப் படிக்க வேண்டும்.

தெலங்கானா அமைந்தது சரி என்றே நினைக்கிறேன். அதற்காக அது அமைந்த வழியைச் சரி என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். தங்களுக்குப் பிடித்த மாநிலம் பிறந்தால் பிரசவம் எப்படி நடந்தது என்று விசாரிப்பதில்லை.

இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. ஆந்திரம் பிரியும்போது சென்னை யாருக்கு என்று பெரிய இழுபறி. 'மதராஸ் மனதே' (மதராஸ் நம்முடையதே) என்று அந்தப் பக்கம், 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி. இந்தப் பக்கம். கூவத்தை எல்லையாக வைத்து வட பகுதியை அவர்களுக்கு விட்டுவிடலாம் என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. யோசித்துப் பாருங்கள், நீங்களும் நானும் சென்ட்ரல் பக்கம் பாலம் தாண்டினால் வேறு மாநிலம். எங்கள் பாட்டிக்கு வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். காசிமேட்டில் மீன் பேரம் பேசும்போது இரண்டும் கலந்து வரும். அவரை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? எங்கள் தெருவில் வந்து யாரும் கேட்டதில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நல்லவேளை, சென்னை முழுசாக இங்கேயே நின்றது.

குப்பைக்கு வருகிறேன். தனி மாநிலமானாலும் கொடுங்கையூர் மேடு கொடுங்கையூரில்தான் இருக்கும். எண்ணூர்ச் சாம்பலும் எங்கேயும் போகாது. அதைக் கேட்க மாநிலம் தேவையில்லை, கவுன்சிலர் போதும். அந்தக் கவுன்சிலர்தான் இல்லாமல் இருந்தார். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் இவ்வளவு பெரிய நகரத்தை அதிகாரிகளே ஓட்டினார்கள். டெல்லி மாநிலங்களைக் கேட்பதில்லை என்று நாம் முறையிடுகிறோம், நியாயம்தான். கோட்டை நம் வார்டைக் கேட்காமல் இருந்ததற்கு உங்கள் டீக்கடையில் ஒரு நாளாவது சண்டை நடந்ததா? எங்கள் கடையில் நடக்கவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

புதுச்சேரி பற்றி என் கருத்து மாறவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த 30 பேர் சட்டமன்றத்தில் இருந்தும் கோப்பு துணைநிலை ஆளுநர் மேசையில் நிற்கிறது என்றால், அங்கே கேட்பது சீட்டு இல்லை, கையெழுத்து.

உங்கள் நண்பரிடம் ஒரு திருத்தம் சொல்லிவிடுங்கள். ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்தது ராயபுரத்தில் இல்லை. மயிலாப்பூரில், ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு வீட்டில். 58 நாள் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். சென்னையும் சேர்த்துத்தான் அவர் ஆந்திரம் கேட்டார். 1953 அக்டோபர் 1 அன்று கிடைத்தது சென்னை இல்லாத ஆந்திரம். அந்த வீடு இப்போது அவருடைய நினைவகம். லஸ்ஸில் இறங்கினால் நடந்துபோகிற தூரம்தான்.